விலைவாசி ஏற்றமும் முஃமினின் கடமையும்



கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் எவரைக் கேட்டாலும் இக்காலத்தில் சொல்வது ஒன்றே: “விலையைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது.” 2025-ம் ஆண்டில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. தேங்காய் அரைக்காமல் கறி வைக்கத் தெரியாத நம் குமரி மாவட்டத்துத் தாய்மார்களுக்கு இது எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. மீனின் கதையும் அவ்வாறே. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக்குரிய தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக்குரிய தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு கரை திறக்கும் முன்பே மறுகரை மூடிவிடுவதால், அந்த மாதங்களில் ஏழையின் மீனாகிய சாளைக்குக்கூட விலை ஏறிவிடுகிறது.

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது நாஞ்சில் நாடு. ஆனாலும் 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து, பர்மா அரிசியின் வரவு நின்றபோது, திருவிதாங்கூர் முழுவதும் அரிசிக்குத் திண்டாடியது. மரச்சீனிக் கிழங்கே பல வீடுகளில் உயிரைக் காத்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால், அத்தகைய பஞ்சம் இன்று நம் வாசலுக்கு வரவில்லை, அல்ஹம்து லில்லாஹ்! ஆயினும் எண்ணெய், பருப்பு, மீன், மருந்து, வீட்டு வாடகை ஆகியவை நடுத்தரக் குடும்பங்களையும் நெருக்குகின்றன. இந்த நேரத்தில் மார்க்கம் நமக்கு என்ன சொல்கிறது?

பாதி ஹதீஸ் போதுமா?

மதீனாவில் ஒரு சமயம் விலைகள் ஏறின. மக்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, விலையை நிர்ணயித்துத் தருமாறு வேண்டினர். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்வே என்று கூறி, பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. இதை ஹளரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் காண்கிறோம்.

சில வியாபாரிகள் இந்த முற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, “விலை அல்லாஹ்வின் கையில், எங்களை ஏன் கேட்கிறீர்கள்?” என்கின்றனர். பிற்பாதி என்ன? உயிரிலோ பொருளிலோ தம்மால் அநீதி இழைக்கப்பட்டதாக எவரும் முறையிடாத நிலையில் தம் இறைவனைச் சந்திக்கவே தாம் விரும்புவதாக நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆகவே இந்த ஹதீஸின் உயிர்நாடி நீதியே. சரக்கு வரத்துக் குறைந்து விலை தானாக ஏறும்போது, வியாபாரியை அடக்க விலைக்கும் கீழே விற்கச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. சரக்கு உள்ளே இருக்க, “இல்லை” என்று சொல்லி விலையை ஏற்றுவதோ வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. முதலாவதைத் தடுத்த ஹதீஸ் இரண்டாவதற்கு எப்படிக் கேடயமாகும்?

இதனால்தான் ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா என்னும் நூல், பொதுவாக ஆட்சியாளர் விலை நிர்ணயிக்கலாகாது என்று சொல்லிவிட்டு, உணவுப் பொருள் வைத்திருப்போர் வரம்பு மீறி விலை ஏற்றி, மக்களின் உரிமையைக் காக்க வேறு வழியில்லாத போது, அனுபவசாலிகளைக் கலந்து நிர்ணயிப்பதில் குற்றமில்லை என்கிறது. நம் நாட்டின் 1955-ம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் நோக்கமும் இதற்கு நெருக்கமானதே.

எது பதுக்கல்?

பாவியைத் தவிர வேறெவரும் பதுக்கமாட்டார் என்னும் கருத்துள்ள நபிமொழி முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. இதை விளக்கும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், விலை ஏறியுள்ள காலத்தில் உணவுப் பொருளை வாங்கி, இன்னும் ஏறட்டும் என்று அடைத்து வைப்பதே ஹராமான இஹ்திகார் என்கிறார்கள். சொந்த வயலில் விளைந்த கன்னிப்பூ, கும்பப்பூ நெல்லைப் பத்தாயத்தில் வைப்பது பதுக்கலாகாது. குடும்பத்துக்கென்று சேமிப்பதும் ஆகாது. நாயகம் (ஸல்) அவர்களும் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததுண்டு. ஆனால் மக்கள் வேறெங்கும் உணவு கிடைக்காமல் தவிக்கும்போது, கையில் வைத்திருப்பவர் விற்றே ஆக வேண்டும். அவரை நிர்ப்பந்திக்கவும் செய்யலாம் என்பதில் உலமாக்கள் ஒருமித்துள்ளனர்.

வாங்குவோருக்கும் கடமை உண்டு. இறைச்சி விலை கூடிவிட்டது என்று முறையிட்டவர்களிடம், வாங்காமல் விட்டு அதை மலிவாக்குங்கள் என்று இப்ராஹீம் பின் அத்ஹம் (ரஹ்) அவர்கள் சொன்னதாக வருகிறது. அரிசிக்கும் மருந்துக்கும் இது பொருந்தாது. விலை உயர்ந்த மீனுக்கும், ஆடம்பர விருந்துக்கும் நன்றாகப் பொருந்தும். வளைகுடாப் பணம் வரும் வீட்டார் விலையே கேட்காமல் கூடையோடு வாங்கிச் சென்றால், பின்னால் நிற்கும் கூலித் தொழிலாளிக்கு மிஞ்சுவது எது? ஒரு வீட்டு வலீமாவின் பதினாறு வகைப் பதார்த்தம், அடுத்த வீட்டுப் பெண்ணின் தகப்பனார் வாங்கப்போகும் கடனாக மாறுகிறதல்லவா?

கேட்காத ஏழை

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. மானத்தால் வாய் திறந்து கேளாதவர்களை, அறியாதவன் செல்வந்தர் என்று எண்ணிவிடுவான் என்று திருமறையின் அல்பகரா அத்தியாயம் சுட்டிக் காட்டுகிறது. விலைவாசி ஏறும்போது முதலில் நசுங்குவது இவர்களே. வெளுத்த சட்டையோடு ஜும்ஆவுக்கு வருவார். வீட்டில் கறிச்சட்டி அடுப்பேறி இரண்டு நாளாகியிருக்கும். கடைப் பற்று கூடியதால் கடை வழியே போகாமல் சுற்றிப் போவார். இறுதியில் வட்டிக்காரனின் வாசலை மிதிப்பார். ஒரு முஃமினின் ஈமானே ஆபத்துக்குள்ளாகும் இடம் இது!

குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அண்டை வீட்டார் என்றால் நம்மவர் மட்டுமா? அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நாமும் ஒரே தெருவில் வாழும் இம்மாவட்டத்தில் இதை மறக்கலாகாது.

அஷ்அரீ கூட்டத்தாரிடம் உணவு குறைந்துவிட்டால், உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்து பங்கிடுவார்கள். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள், தாம் அவர்களைச் சேர்ந்தவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதன் சாயல் நம்மிடமும் இருக்கிறது: ரமளானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி! செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் தூக்குச்சட்டியோடு நிற்பார்கள். எல்லாரும் வாங்குவதால் எவருக்கும் வெட்கமில்லை.

இந்த முறையை மற்ற பதினொரு மாதங்களுக்கும் விரிக்க முடியாதா? மஹல்லா ஜமாஅத் பைத்துல்மால் வைத்து, எண்ணெய், பருப்பு முதலியவற்றை மொத்தமாக வாங்கி, எல்லா வீடுகளுக்கும் அடக்க விலைக்கே கொடுக்கலாம். இயலாதவர் என்று தெரிந்த வீட்டின் விலையைப் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் அறிய ஜகாத்திலிருந்து தீர்க்கலாம். கடைக்காரர்கள், கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுங்கள் என்னும் இறைக்கட்டளைப்படி பழைய பற்றுக்கு அவகாசம் தரலாம். தள்ளுபடி செய்தால் அது அதைவிட மேலானது. தாய்மார்கள் வாரத்தில் ஒரு நாளேனும் ஒரு கிண்ணம் கறியை அண்டை வீட்டுக்கு அனுப்பலாம். திரும்பி வரும் கிண்ணம் காலியாக இருந்தாலும் முகம் மாறாதிருக்கட்டும்.

விலையை இறக்குவது நம் கையில் இல்லாதிருக்கலாம். ஆனால் நம் மஹல்லாவில் ஒருவர் பசியோடு படுக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. அதைக் குறித்தே நாளை மறுமையில் நாம் கேட்கப்படுவோம்.

அல்லாஹ் ஜல்ல ஷானுஹு நம் வியாபாரத்தில் நேர்மையையும், உணவில் பரக்கத்தையும், உள்ளங்களில் இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.