ஆடிக்காற்றுக்கு முன் ஜன்னல் கைப்பிடி

மன்னார்புரம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஆடிக்காற்று ஜன்னலை அடித்து அடித்தே கைப்பிடியைக் கழற்றிவிடும். புதிது வாங்கப் பெரிய கடை வீதிக்குக் கிளம்புமுன் பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ‘இதே மாதிரி’ என்று வாயால் சொன்னால் வேறு மாதிரிதான் வரும். பார்க்க வேண்டிய அளவு, இரண்டு ஸ்குரூ ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம். அது ஒத்துப்போனால் புது ஓட்டை போட வேண்டாம்.

துருப்பிடித்த ஸ்குரூ அசையவில்லையா? ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை தேய்ந்துவிடும். அப்புறம் ஆசாரியைத்தான் தேட வேண்டும்.

மரத்தில் ஓட்டை தளர்ந்திருந்தால், மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து அடையுங்கள். மரக்குச்சியாக இருக்கட்டும், மெழுகுக்குச்சி உதவாது. ஒரு நாள் காய்ந்தபின் ஸ்குரூவை முடுக்குங்கள். அதுவரை ஜன்னலைக் கயிற்றால் கம்பியோடு கட்டிவையுங்கள்.

யூபிவிசி ஜன்னல் என்றால், கைப்பிடியின் அடி மூடியைத் திருப்பினால் ஸ்குரூ தெரியும். பின்னால் உள்ள சதுரத் தண்டு பெரும்பாலும் 7 மி.மீ. கனம், நீளம்தான் மாறும், அளந்துகொள்ளுங்கள்.