கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்



பேசத் தெரிந்தவர் என்று யாரைச் சொல்கிறோம்? அடுக்குமொழி பொழிகிறவரையா? தொண்டை கிழியக் கத்துகிறவரையா? இல்லை. கடைசி வரிசையில் நிற்பவரும் கேட்டு, விளங்கி, வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி சொல்கிறவரே பேசத் தெரிந்தவர்.

நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எஸ்ரா திருச்சட்ட நூலை வாசிக்கிறார். எல்லாரும் காணும்படி மரமேடை ஒன்றில் நிற்கிறார். வாசித்ததன் பொருளை லேவியர் மக்களுக்கு விளக்குகிறார்கள். கேட்ட மக்கள் அழுகிறார்கள். சொல் உள்ளத்தில் இறங்கியதற்கு அதுவே அடையாளம்.

1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. இன்று திருப்பலியில் நம் இளைஞரும் யுவதிகளும் வாசகம் வாசிக்கிறார்கள். ஆனால் பேச்சின் தேவை ஆலயத்தோடு முடிவதில்லை. பிரட்டுக்களத்திலும், பாடசாலைக் கூட்டத்திலும், மரண வீட்டிலும் நாலு பேர் முன் நின்று பேசவேண்டி வருகிறது.

சில வேளைகளில் அது உயிர் காக்கும் காரியம். 2016 மே 17ஆம் திகதி, கடும் மழையில் அரநாயக்க சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்கள் மண்ணுக்குள் போயின. மாண்டவரும் காணாமற்போனவரும் 100க்கு மேல். மழைக்காலங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள்; செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாயிருங்கள்; சிவப்பு என்றால் வெளியேறுங்கள். இதை லயத்து மக்களுக்கு வாசித்துச் சொல்லும் பொறுப்பு நாளை உங்களுக்கே வரலாம். அப்போது முணுமுணுத்தால் என்ன ஆகும்?

ஆகவே இந்த ஐந்தையும் பழகுங்கள்.

1. மூச்சு. தொண்டையால் கத்தினால் ஐந்து நிமிடத்தில் குரல் கம்மிவிடும். வயிறு விரிய மூச்சு இழுத்து, நேராக நின்று பேசுங்கள். தலை குனிந்தால் குரல் தாளோடு நின்றுவிடும்.

2. நிறுத்தம். முதல் வார்த்தைக்கு முன் கூட்டத்தைப் பார்த்து மூன்று எண்ணுங்கள். முக்கியமான செய்திக்குப் பின்னும் நிறுத்துங்கள். கேட்பவர் அதை விழுங்க நேரம் வேண்டும்.

3. வசனத்தின் முடிவு. பலர் உரக்கத் தொடங்கி, முடிவில் குரலை விழுங்கிவிடுகிறார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ‘போகவேண்டும்’, ‘போகவேண்டாம்’ என்ற வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது!

4. உச்சரிப்பு. ‘மழை இறங்குகிறது’ என்பது ஒன்று. ‘மலை இறங்குகிறது’ என்பது வேறு. ழகரம் நாவில் நிற்கட்டும். ஊர்ப் பெயரையும் மணியையும் இரு தடவை சொல்லுங்கள்.

5. இடம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்தக் குரலும் எடுபடாது. மக்களை நெருங்கிப் போங்கள், அல்லது மழை தணியும்வரை பொறுங்கள். அவசரமானால் பொறுக்கவேண்டாம், லயம் லயமாகப் போய்ச் சொல்லுங்கள். ஒலிவாங்கி கிடைத்தால் அதை வாயோடு ஒட்டவேண்டாம்.

இந்த வாரப் பயிற்சி இது. வீட்டில் ஒருவர் வாசலுக்கு வெளியே முப்பது அடி தள்ளி நிற்கட்டும். நீங்கள் உள்ளே நின்று, கோடு உள்ள இடமெல்லாம் நிறுத்தி, இதை வாசியுங்கள்:

‘மேல் லயத்தார் எல்லாரும் / மாலை ஆறு மணிக்கு முன் / பாடசாலைக்குப் போய்விடவேண்டும்.’

வாசித்தபின், ‘நன்றாக வாசித்தேனா?’ என்று கேட்கவேண்டாம். ‘யார், எப்போது, எங்கே?’ என்று கேளுங்கள். மூன்றுக்கும் சரியான விடை வந்தால் தேறிவிட்டீர்கள். ஒன்று தவறினாலும் மறுபடி வாசியுங்கள். வெளியே நிற்பவரின் காதைக் குறை சொல்லவேண்டாம். அவருக்குக் கேட்கச் செய்வது பேசுகிறவரின் கடமை.