கல்வியியல் கல்லூரி நிர்வாகத்தில் காலமும் இடமும்: நன்னூல் பொதுப்பாயிர நோக்கு

முன்னுரை

கற்றல், கற்பித்தல் முறைகளை விரிவாக வகுத்துரைக்கும் தமிழ் இலக்கண நூல்களுள் நன்னூல் குறிப்பிடத்தக்கது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய இந்நூலின் பொதுப்பாயிரம், நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகிய ஐந்தினை எடுத்துரைக்கிறது. ஆசிரியரின் பண்புநலன்களை விளக்கவே இப்பகுதி பெரிதும் எடுத்தாளப்படுகிறது. கற்பித்தல் நிகழ்வதற்குரிய சூழல் பற்றி அது கூறுவன அவ்வளவாகக் கருதப்படவில்லை. அக்கூற்றுகளை அடிப்படையாகக் கொண்டு, தமிழகக் கல்வியியல் கல்லூரிகளில் பி.எட். எனப்படும் இரண்டாண்டு இளங்கல்வியியல் படிப்பை நடத்துவதில் எழும் நிர்வாகச் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொதுப்பாயிரம் காட்டும் நெறி

பாடம் சொல்லும் முறையைக் கூறப் புகும் நன்னூல், காலத்தையும் இடத்தையும் நன்கு ஆராய்வதையே முதலில் வைக்கிறது. கற்பிக்கும் பொருளை உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதலும் கொள்வோனின் திறனறிந்து கொடுத்தலும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வைப்புமுறை கருதத்தக்கது. காலமும் இடமும் பொருந்தாதவழி ஆசிரியரின் புலமை பயன்தராது என்பது இதனால் பெறப்படும்.

பாடம் கேட்கும் முறையில் மற்றொரு கருத்தும் உண்டு. ஆசிரியர் சொல்லக் கேட்பதால் கால் பங்கும், உடன் பயில்வோருடன் பழகுவதால் கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் புலமை நிரம்பும் என்கிறது நன்னூல். கற்பித்துப் பழகுவதே கற்றலின் பெரும்பகுதி என்னும் இக்கருத்து ஆசிரியர் கல்விக்கு நேரடியாகப் பொருந்துவதாகும்.

நான்கு அமைப்புகளும் ஒரு கல்லூரியும்

அரசு கல்வியியல் கல்லூரியொன்று நான்கு அமைப்புகளுக்குப் பொறுப்புடையது. படிப்புக்கான ஏற்பினைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வழங்குகிறது. பாடத்திட்டமும் தேர்வும் 2008இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. பணியமர்த்தமும் நிதியும் கல்லூரிக் கல்வித் துறையின்பாற்பட்டவை. மாணவ ஆசிரியர்கள் பயிற்சிக்குச் செல்லும் பள்ளிகளோ பள்ளிக் கல்வித் துறையின் கீழ் உள்ளன. இந்நான்கின் நாட்காட்டிகளையும் இசைவிக்கும் பொறுப்பு முதல்வரைச் சேர்கிறது. ஆனால் அவற்றுள் எதனையும் மாற்றும் அதிகாரம் அவருக்கில்லை. ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் பள்ளிகளிடமிருந்து தனித்து நிற்பதை 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக்குழு ஒரு குறையாகவே சுட்டியது. அத்தனிமை கருத்தளவினதாக மட்டுமன்றி நிர்வாக அமைப்பிலேயே ஊன்றியிருப்பதை இப்பிரிவினை காட்டுகிறது.

காலம் என்னும் சிக்கல்

குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் ஓராண்டுப் படிப்பை ஈராண்டாக்கின. ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும், பள்ளி சார்ந்த செயல்பாடுகளுக்கு 20 வாரங்களையும் அவை வரையறுத்தன. இவற்றுள் 16 வாரங்கள் இறுதியாண்டுப் பள்ளிப் பயிற்சிக்குரியவை. வாரத்திற்கு 5 நாட்கள் எனக் கொண்டால் 20 வாரங்கள் 100 நாட்களாகும். ஈராண்டின் 400 நாட்களில் இது கால் பங்கு. நன்னூல் கூறும் அரைப் பங்கோடு ஒப்பிடின் இது குறைவே. ஆகவே இக்காலத்தில் ஒரு வாரம் குறையினும் அவ்விழப்பு பெரிதாகும்.

பள்ளி நாட்காட்டியில் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வும், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும், மார்ச்சில் பொதுத்தேர்வும் இடம்பெறுகின்றன. ஜூன் மாதத்தில் தொடங்கும் பயிற்சி, காலாண்டுத் தேர்வுக்குள் பெரும்பாலும் நிறைவுறும். மாணவர் சேர்க்கையோ பல்கலைக்கழகத் தேர்வோ தள்ளிப்போனால் பயிற்சி அரையாண்டுக்குப் பின்னும் நீள நேரிடும். அப்போது 10, 12ஆம் வகுப்புகளை மாணவ ஆசிரியரிடம் ஒப்படைக்கத் தலைமையாசிரியர் தயங்குவது இயல்பு. அந்நிலையில் பயிற்சிக்குச் சென்றவர் தேர்வறைக் கண்காணிப்பு, விடைத்தாள் அடுக்குதல் போன்ற பணிகளில் நாட்களைக் கழிக்க நேர்கிறது. வருகைப்பதிவேட்டில் நாட்கள் நிறையும். கற்பித்த பாடவேளைகள் நிறைவதில்லை.

இடமும் மேற்பார்வையும்

ஈராண்டிலும் சேர்த்து 200 மாணவர்களுக்கு 16 முழுநேர ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும் என்பது விதி. இவர்களுள் பாடக் கற்பித்தல் முறைகளுக்குரியோர் 8 பேர். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் எனப் பகிர்ந்தால் தமிழ் கற்பித்தலுக்கு ஒருவர் அல்லது இருவரே அமைவர். இறுதியாண்டில் 20 தமிழ் மாணவ ஆசிரியர்கள் உள்ளனர் எனக் கொள்வோம். ஒவ்வொருவரின் பாடத்தையும் வாரம் ஒருமுறை நோக்கினால் 16 வாரங்களில் 320 பாடவேளைகளாகின்றன. இதே காலத்தில் முதலாண்டு வகுப்புகளும் நடைபெற வேண்டும். பள்ளிகள் வெவ்வேறு ஊர்களில் சிதறியிருப்பின் இது நிறைவேறாது. மேற்பார்வை என்பது பாடக்குறிப்பேட்டில் கையொப்பமிடுவதாகச் சுருங்கிவிடும்.

இதன் விளைவு தமிழ்ப்பாடத்திற்குக் கேடானது. செய்யுளைச் சீர்பிரித்துப் படிக்கும் முறை, லகர ளகர ழகர ஒலிப்பு, இலக்கணத்தை எடுத்துக்காட்டிலிருந்து விதிக்குக் கொண்டுசெல்லும் நடை ஆகியவற்றை நேரில் கேட்டே திருத்த இயலும். பாடக்குறிப்பேடு அவற்றைக் காட்டாது.

செய்யத்தக்கன

கூடுதல் நிதியின்றியே கைக்கொள்ளத்தக்க வழிகள் சில உள்ளன. பயிற்சிப் பள்ளிகளை ஊர்வாரியாகத் தொகுத்து, ஒரே நாளில் அடுத்தடுத்த பள்ளிகளை நோக்கும்வண்ணம் பாடவேளைகளை அமைக்கலாம். மேற்பார்வையாளர்க்கு வாரத்தில் இரு நாட்கள் கல்லூரி வகுப்பில்லாதபடி கால அட்டவணை வகுக்கலாம். பள்ளித் தமிழாசிரியரை வழிகாட்டி ஆசிரியராக எழுத்துவழி அமர்த்தி, அவர்தம் மதிப்பீட்டிற்கு அகமதிப்பீட்டில் இடமளிக்கப் பல்கலைக்கழகம் முன்வரலாம். பயிற்சி தொடங்குமுன் முதல்வரும் முதன்மைக் கல்வி அலுவலரும் கூடி, ஒதுக்கும் வகுப்புகளையும் பாடவேளைகளையும் முடிவுசெய்யலாம். வருகைப்பதிவேட்டுடன் கற்பித்த பாடவேளைகளின் பதிவேட்டையும் பேணினால் பயிற்சியின் உண்மைநிலை வெளிப்படும்.

முடிவுரை

கால அட்டவணை, பள்ளி ஒதுக்கீடு, பதிவேடு ஆகியன அலுவலகப் பணிகளாகவே கருதப்படுகின்றன. நன்னூல் நெறியில் நோக்கின் அவை காலமும் இடமும் பற்றிய முடிவுகள். எனவே கற்பித்தலின் முதற்படியைச் சேர்ந்தவை. கல்லூரியின் நிர்வாக முறையைக் கண்டே மாணவ ஆசிரியர் பள்ளி நிர்வாகத்தைக் கற்கிறார் என்பதும் இங்குக் கருதத்தக்கது. பெயரளவிலான வருகைப்பதிவைக் கண்டு பழகியவர் நாளை தம் வகுப்பிலும் அதனையே பின்பற்றக்கூடும். ஆகவே கல்வியியல் கல்லூரியின் நிர்வாகத்தைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே கொண்டு மதிப்பிடுதல் வேண்டும்.