கடல் நத்தைக்குப் பெயரிடுமாறு

கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கரைவலை கரையேறும்போது, மீனோடு ஊரிகளும் வந்து மணலிற் சிதறுதல் நாம் கண்டு பழகிய காட்சி. மீன் கூடைக்குப் போகும். ஊரி சிறுவர் கைக்குப் போகும். அவ்வூரிகளுள் ஒன்று இதுவரை எவராலும் விவரிக்கப்படாத இனமாயின், அதனை உலகம் அறியச் செய்வது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

உயிர்களை வகுத்தறியும் முயற்சி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்து, நந்தினை ஈரறிவுயிருள் வைத்தது. ஆயினும் நந்து, நத்தை, ஊரி என்பன பொதுப்பெயர்கள். ஒரு பெயருள் பல இனங்கள் அடங்கும். இவ்விடர் நீங்கச் சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு இருசொற் பெயர்முறையை நிலைநாட்டினார். விலங்குப் பெயர்களுக்கு அவரது 1758 ஆம் ஆண்டு நூற்பதிப்பே தொடக்க எல்லை. முன்சொல் சாதியைச் சுட்டும். இருசொல்லும் கூடி இனத்தைச் சுட்டும். அவர் 1767 இல் பெயரிட்ட நம் சங்கு, இன்று ‘டர்பினெல்லா பைரம்’ எனப்படும்.

வேறுபட்டுத் தோன்றுவன எல்லாம் வேறினம் அல்ல என்பது முதற்கண் உணரத்தக்கது. வலம்புரிச் சங்கு அரியது, விலை மிக்கது, எனினும் அது தனியினமன்று. இடம்புரியின் இனத்திலேயே அருகித் தோன்றும் மாற்றுச் சுருளே அது. விலங்கியலார் சங்கின் கூர்நுனியை மேலே வைத்து நோக்குவர். நம்மவர் அதனைக் கீழே வைத்து நோக்குவர். ஆதலின் நாம் வலம்புரி என்பதை அவர் இடச்சுருள் என்பர். நோக்கும் முறையைக் கூறாத விவரணம் எத்துணை மயக்கந்தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இனி, நம் கீழைக்கரையிலேயே நிகழ்ந்த ஒரு செய்தியைக் காண்போம். 1819 இல் இலங்கையிற் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்ற எட்வேட் பிரெடெரிக் கெலார்ட் என்பார் திருகோணமலைக் கடலில் ஓடிலா நத்தைகளை ஆராய்ந்தார். ஓடின்றி மென்மையான உடலும் மலர்போன்ற நிறமும் உடையன அவை. மதுசாரத்தில் இட்டால் அந்நிறம் மங்கிவிடும். இதனை எண்ணியே உயிருள்ள உருவங்களை வண்ணப்படங்களாக்குதல் இன்றியமையாததாயிற்று. அவர் 1858, 1859 ஆம் ஆண்டுகளிற் பல இனங்களை விவரித்து, 1860 இல் மறைந்தார். அவர்தம் படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஹன்கொக் நூதனசாலையிற் பேணப்பட்டன. அவற்றைத் துணையாகக்கொண்டு சாள்ஸ் எலியட் என்பார் 1906 இல் அவ்வினங்களை மீளாராய்ந்து தெளிவுபடுத்தினார்.

கெலார்ட் விவரித்தவற்றுள் ஒன்று, வெண்ணிற உடலிற் கருவளையங்கள் பொருந்தியது. அக்கோலம் துக்க உடையை நினைவூட்டியமையாற் போலும், சாவுச்சடங்கைக் குறிக்கும் ‘பியூனெப்ரிசு’ என்னும் இலத்தீன் சொல்லை அவர் தேர்ந்தார். அவர் அதனை ‘டோரிசு’ என்னும் சாதியுள் வைத்தார்; பின்வந்தோர் ‘யொருன்னா’ சாதிக்கு மாற்றினர். ஆதலின் அவர் பெயரும் 1859 என்னும் ஆண்டும் இன்று பிறையடைப்புக்குள் எழுதப்படுகின்றன. கடற்பஞ்சை உண்டு வாழும் இந்நத்தையிலிருந்து, புற்றுக் கலங்களை அழிக்கவல்ல ‘யொருமைசின்’ என்னும் பொருள் பிரிக்கப்பட்டமை 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெயர் பிழைத்திருப்பின் அம்மருந்துப் பொருளைத் தேடுவோர் வேறொரு பிராணியையன்றோ தேடுவர்! பெயரிடுதல் வெறும் அலங்காரமன்று என்பது இதனாற் போதரும்.

புதிய இனத்தை நிறுவும் நெறி வருமாறு:

முதலாவது, ஒரே வடிவினவாய்ப் பலவற்றைத் திரட்டி, வயது, ஆண் பெண், வாழிடம் என்பவற்றால் வரும் வேறுபாடுகளைக் கழித்தல். ஓட்டின் உயரம், சுருள்களின் தொகை, வாயின் வடிவு, வரி, நிறம் ஆகியவற்றோடு, நாவிலுள்ள நுண்பற்களையும் உருப்பெருக்கியால் நோக்குதல் வேண்டும். இக்காலத்து மரபணு ஒப்பீடும் துணைசெய்யும்.

இரண்டாவது, முன்னோர் விவரித்த இனங்களோடு ஒப்பிடுதல். ஓரினத்திற்கு இரு பெயர் அமைந்தால், முந்திய பெயரே பொதுவாக நிலைபெறும்.

மூன்றாவது, ஒன்றை மூலமாதிரியாகத் தேர்ந்து, நிலையான நூதனசாலையில் ஒப்படைத்தல். 1999 இன் பின்னர் வெளியாகும் புதிய இனப்பெயர்களுக்கு மாதிரியை வெளிப்படக் குறித்தல் கட்டாயம்.

நான்காவது, பிற இனங்களினின்றும் பிரிக்கும் குறியைத் தெளிவாக எழுதி, பெயருடன் அச்சிற் பலரறிய வெளியிடுதல்.

மாணவர்காள்! கண்டெடுத்த ஊரியோடு ஊர், நாள், ஆழம், கிடைத்த வகை ஆகியவற்றை எழுதிய சீட்டொன்றையும் வைத்திடுங்கள். சீட்டற்ற ஊரி விளையாட்டுப் பொருளே, சீட்டுடையது சான்று. உயிருள்ள கூம்புவடிவ ஊரியை மட்டும் தீண்டற்க. அதன் நஞ்சூசி உயிரையும் வாங்கும். மிகையும் குறையுமின்றிப் பொருளின் இலக்கணம் உரைத்தல் நம் தமிழ் வகுப்பிற் பயிலும் பயிற்சியே. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்றவர். அவ்வழி நிற்போர்க்கு நம் கடற்கரையே திறந்த ஆய்வுகூடமாகும்.