குளத்து நீரும் குளோரின் கணக்கும்

சிரம்பானில் என் அண்ணன் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறிய நீச்சல் குளம் இருக்கிறது. அண்ணன் அதை ஆசைப்பட்டுக் கட்டவில்லை. பழைய வீட்டை வாங்கியபோது குளமும் சேர்ந்தே வந்தது. நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.5 மீட்டர். தீபாவளிக்கு எங்கள் குடும்பத்தார் அனைவரும் அந்த வீட்டில்தான் கூடுவோம். பிள்ளைகளுக்கு முறுக்கைவிட, புத்தாடையைவிட அந்தக் குளத்தின்மீதே கண்.

ஓர் ஆண்டு தீபாவளியன்று காலையில், அம்மா வழக்கம்போல் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்தார். சீயக்காய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்பே பாதிப் பேர் குளத்தில் குதித்துவிட்டனர். பிறகு திறந்த இல்ல உபசரிப்பு தொடங்கியது. உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்த வண்ணம் இருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளும் குளத்தில் இறங்கினர். மாலையில் குளத்தருகே சென்றாலே நெடி மூக்கைத் துளைத்தது. என் இளைய மகனின் கண்கள் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தன.

“மருந்தை அள்ளிக் கொட்டிவிட்டாய், ஐயா. எனக்கே மூச்சு முட்டுகிறது. பிள்ளைகள் என்ன ஆவார்கள்? இனி அதைப் போடாதே,” என்றார் அம்மா.

அண்ணனுக்கு அது சரியென்றே பட்டது. எனக்கும்தான். குளோரின் வாடை பலமாக வீசினால் குளோரின் அதிகம் என்று பொருள். இதில் ஐயப்பட என்ன இருக்கிறது?

அடுத்த இரண்டு நாள் அண்ணன் குளத்தில் குளோரினே சேர்க்கவில்லை. பிள்ளைகளோ விடாமல் நீந்தினார்கள். மாலைதோறும் மழையும் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், நீர் அரிசி கழுவிய தண்ணீரைப்போல் கலங்கியிருந்தது. அதில் இலேசான பச்சை நிறமும் படர்ந்திருந்தது. நெடி மட்டும் குறையவில்லை.

அந்த வேளையில் வீட்டின் கடைக்குட்டி தன் சிவப்பு நிற இரும்புக் காரைக் குளத்தில் தவற விட்டான். பெரியவர்கள் நால்வர் கரையில் நின்று உற்றுப் பார்த்தோம். கார் எங்கே கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடிகூடக் கண்ணுக்குப் புலப்படவில்லை. எங்கள் எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியிருக்க வேண்டும். காரை மறைக்கும் தண்ணீர் மூழ்கிய பிள்ளையையும் மறைத்துவிடும். அண்ணி ஒரு வார்த்தையும் பேசாமல் பிள்ளைகளைக் கரையேற்றி, குளத்து வேலிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தம் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

அண்ணனின் மூத்த மகள் அப்போது படிவம் 4இல் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“அப்பா, இரண்டு நாளாக நாம் குளோரினே போடவில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த நெடி?”

அண்ணனிடம் பதில் இல்லை. அவர் தம்மிடமிருந்த பழைய சோதனைப் பெட்டியை எடுத்து வந்தார். குளத்து நீரைச் சிறு குழாயில் எடுத்து, அதில் சில துளி திரவத்தை விட்டார். நீர் மஞ்சளாக மாறியது. பெட்டியிலிருந்த வண்ண அட்டையோடு ஒப்பிட்டார். “1.5 இருக்கிறதே! போதுமான அளவுதான்,” என்றார்.

இங்கே சற்று நின்று, அந்த எண்ணின் பொருளைத் தெரிந்துகொள்வோம். குளத்து நீரில் குளோரினின் அளவை, ஒரு மில்லியன் பங்கு நீரில் எத்தனை பங்கு குளோரின் என்று கணக்கிடுவார்கள். அதைப் பிபிஎம் என்று சுருக்கமாகச் சொல்வது வழக்கம். 1000 லிட்டர் நீரில் 1 கிராம் குளோரின் கலந்திருந்தால் அது 1 பிபிஎம். வீட்டுக் குளத்தில் 1 முதல் 3 பிபிஎம் வரை குளோரின் இருப்பது நல்லது என்பர். அப்படியானால் 1.5 என்பது சரியான அளவுதானே? பிறகு ஏன் நீர் கலங்க வேண்டும்?

விடை, ‘குளோரின்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. குளத்து நீரில் குளோரின் இரு நிலைகளில் இருக்கிறது. முதலாவது, எந்த வேலையும் செய்யாமல் கிருமிகளுக்காகக் காத்திருக்கும் குளோரின். இதைத் தனிக் குளோரின் எனலாம். இரண்டாவது, ஏற்கெனவே வேலை செய்து களைத்துப்போன குளோரின். வியர்வை, சிறுநீர் ஆகியவற்றில் உள்ள நைட்ரஜன் கலந்த பொருள்களுடன் சேர்ந்து அது குளோரமின் என்னும் வேறொரு பொருளாகிவிடுகிறது. இதற்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. ஆனால், கண்ணை எரிக்கவும் தொண்டையை உறுத்தவும் மூக்கைத் துளைக்கவும் இதற்கு நன்றாகத் தெரியும். நாம் ‘குளோரின் வாடை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் குளோரமினின் வாடைதான். ஆகவே நெடி வீசும் குளத்தில் குளோரின் அதிகமாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. உண்மையில் அங்கே வேலை செய்யக்கூடிய குளோரின் போதாமல் இருக்கிறது.

அண்ணனின் பழைய பெட்டி, இரு வகைக் குளோரினையும் சேர்த்தே அளக்கும். மஞ்சள் நிறம் காட்டும் இவ்வகைப் பெட்டிகளால் எது தனி, எது களைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. குளத்துப் பொருள்கள் விற்கும் கடைக்குச் சென்று தந்தையும் மகளும் வேறொரு பெட்டி வாங்கி வந்தனர். அதில் இருவகை மாத்திரைகள் இருந்தன. முதல் மாத்திரையைப் போட்டால் தனிக் குளோரினுக்கு ஏற்ப நீர் இளஞ்சிவப்பாகும். இரண்டாவதையும் சேர்த்தால் மொத்தக் குளோரின் தெரியும். முதல் மாத்திரைக்கு நிறம் வந்ததா இல்லையா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. அளவு வெறும் 0.2. இரண்டாவது மாத்திரையைப் போட்டதும் நிறம் ஏறியது, அளவு 1.6. இரண்டுக்கும் இடையிலான 1.4 முழுவதும் குளோரமின்.

“பாட்டி, குளத்தில் குளோரின் அதிகமில்லை. இல்லவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்,” என்றாள் அவள். அம்மா நம்பவில்லை. மூக்கை நம்பாமல் மாத்திரையை நம்புவதா என்று கேட்டார்.

நீரின் பிஎச் மதிப்பையும் அவள் சோதித்தாள். அது 8.0 எனக் காட்டியது. பிஎச் 7க்கு மேல் ஏற ஏற நீரில் காரத்தன்மை கூடுகிறது. இது ஏதோ தனிச் சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். நீரில் கலந்த தனிக் குளோரினும் இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் வடிவமே கிருமிகளை விரைந்து கொல்லும். பிஎச் 7.5ஆக இருக்கும்போது தனிக் குளோரினில் ஏறத்தாழப் பாதி இந்த வடிவில் இருக்கும். 8.0 ஆகும்போது ஏறத்தாழக் கால் பங்கு மட்டுமே எஞ்சும். அண்ணன் பயன்படுத்தியது கால்சியம் ஹைப்போகுளோரைட் என்னும் வெள்ளைத் துகள். அதைத் தொடர்ந்து போட்டு வந்தால் பிஎச் மெல்ல ஏறும். ஏறிய பிஎச்சைக் குறைக்காமல் துகளை மட்டும் போட்டால் காசும் கரையும், குளமும் தெளியாது. 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைத்திருந்தால் குளோரினுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

கிருமிகளும் எல்லாம் ஒரே மாதிரி சாவதில்லை. பிஎச் 7.5ஆக உள்ள நீரில் 1 பிபிஎம் தனிக் குளோரின் இருந்தால், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலி வகைக் கிருமி ஒரு நிமிடத்துக்குள் அழிந்துவிடும். ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணிக்கு ஏறத்தாழ 45 நிமிடம் தேவை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியோ அதே நீரில் 7 நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். இதனால்தான் வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை எந்தக் குளத்திலும் இறக்கக் கூடாது என்கிறார்கள். குளோரின் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

இனி அண்ணன் வீட்டுக் குளத்தைத் தெளிய வைக்க வேண்டும். சேர்ந்துபோன குளோரமினை உடைக்க, அதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு குளோரின் ஒரே நேரத்தில் தேவைப்படும். பாதி அளவு போட்டால் பயனில்லை, நெடிதான் மிஞ்சும். அன்று அண்ணன் மகள் உணவு மேசையில் அமர்ந்து போட்ட கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். 8 × 4 × 1.5 என்றால் 48 கன மீட்டர். அதாவது 48,000 லிட்டர். 1 பிபிஎம் உயர்த்த 48 கிராம் குளோரின் வேண்டும். 1.4இன் 10 மடங்கு 14. ஆக, 672 கிராம். ஆனால், துகளில் 65 விழுக்காடுதான் குளோரின் என்று வாளியின் மேல் அச்சிட்டிருந்தது. எனவே 672ஐ 0.65ஆல் வகுக்க வேண்டும். ஒரு கிலோகிராமுக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது.

“ஒரு கிலோவா? பிள்ளைகள் கண் எரிகிறது என்று அழுதார்கள், நீ இன்னும் ஒரு கிலோ கொட்டப் போகிறாயா?” என்று அம்மா எழுந்தே விட்டார்.

அண்ணனுக்கோ வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம். பிஎச்சைக் குறைக்கும் அமிலத்தையும் குளோரின் துகளையும் ஒரே வாளியில் கலந்து ஊற்றிவிடலாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். மகள் ஓடிச்சென்று வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பெண் தன் தந்தையிடம் குரலுயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அமிலமும் குளோரின் துகளும் நேரடியாகச் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே படைவீரர்கள்மீது ஏவப்பட்டது இதே வாயுதான். அமிலத்தோடு மட்டுமன்று, வேறு வகைக் குளோரின் மாத்திரைகளோடும் இத்துகளைக் கலக்கக் கூடாது; தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றொன்றை அள்ளுவதும் ஆபத்துதான்.

எனவே நண்பகலில் அமிலத்தை மட்டும், பொட்டலத்தில் குறித்திருந்த அளவின்படி நீரில் கலந்து குளத்தில் சேர்த்தார்கள். நீரேற்றி பல மணி நேரம் ஓடியது. பிஎச் 7.4க்கு இறங்கியதைச் சோதித்து உறுதிசெய்த பிறகு, வெயில் தாழ்ந்ததும் குளோரினைப் போட்டார்கள். மாலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள், பாதுகாப்பில்லாத குளோரினின் பெரும்பகுதியைச் சில மணி நேரத்திலேயே சிதைத்துவிடும். இதைத் தடுக்கச் சயனுரிக் அமிலம் என்ற பொருளைச் சிலர் 30 முதல் 50 பிபிஎம் வரை சேர்ப்பதுண்டு. அளவு மிஞ்சினால் அது குளோரினையே மந்தமாக்கிவிடும். அண்ணன் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, முதலில் வாளியில் நீரை நிரப்பி, பிறகு துகளைச் சிறிது சிறிதாக அதில் கரைத்து, குளத்தைச் சுற்றி நடந்தபடி ஊற்றினார். துகளின்மேல் நீரை ஊற்றக் கூடாது. எப்போதும் நீரில்தான் துகளைப் போட வேண்டும்.

இரவு 9 மணிக்கு அண்ணன் ஆவல் தாங்காமல் நீரைச் சோதித்தார். மாத்திரை போட்டதும் ஒரு கணம் இளஞ்சிவப்பு மின்னியது. பிறகு நீர் நிறமற்றுப் போனது. “போட்டது அத்தனையும் வீணா? இன்னும் ஒரு கிலோ கொண்டுவரட்டுமா?” என்றார். நல்லவேளையாக மகள் பெட்டியில் இருந்த குறிப்பை ஏற்கெனவே படித்திருந்தாள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது சோதனைச் சாயத்தையே வெளுக்கச் செய்துவிடும். அவள் ஒரு பங்கு குளத்து நீருடன் நான்கு பங்கு போத்தல் குடிநீரைக் கலந்து மறுபடியும் சோதித்தாள். 2 காட்டியது. ஐந்தால் பெருக்கினால் 10. அண்ணன் வாளியை மூடி வைத்தார்.

மறுநாள் காலையில் குளத்தருகே நெடியே இல்லை. அம்மா இரண்டு முறை குனிந்து முகர்ந்து பார்த்தார். நீரில் கலங்கல் இன்னும் கொஞ்சம் இருந்தது. இறந்த பாசியை வடிகட்டி பிடித்து முடிக்க அந்த நாள் முழுவதும் ஆனது. மாலையில் வடிகால் மூடி தெரிந்தது. அதை ஒட்டிச் சிவப்புக் காரும் கிடந்தது. தனிக் குளோரின் 3க்கு இறங்கும்வரை அண்ணி சாவியைத் தரவில்லை.

இப்போது அந்த வேலிக் கதவில் ஒரு குறிப்பேடு தொங்குகிறது. நாள், பிஎச், தனிக் குளோரின், மொத்தக் குளோரின் என்று நான்கு கட்டங்கள். அடுத்த தீபாவளிக்கு நாங்கள் சென்றபோது அம்மா அந்தக் கதவருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பிள்ளைகளை மட்டும், தலையைத் தொட்டுப் பார்த்து உள்ளே விட்டார். அவருக்குப் பின்னால் அண்ணன் மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்: பிஎச் 7.4, தனிக் குளோரின் 2.0, மொத்தக் குளோரின் 2.2.