சுழலும் வட்டம்

கேள்வி: இரவு எட்டு மணிக்கு மேல் டிவியில் ஓடிடி படம் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சில நாள் பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. புது டிவிதான் வாங்க வேண்டுமாங்க?
– ஒரு வாசகி, துடியலூர்

பதில்: வேண்டாம், அம்மணி. மாடியேறி ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி, புள்ளிகளுக்கிடையே உருவத்தைத் தேடிய தலைமுறைக்கு இந்த வட்டம் பழைய சிநேகிதனின் புது வேஷமே. ஓடிடிப் படமானது சில விநாடித் துண்டுகளாக வந்து, பெட்டியின் நினைவகத்தில் முன்கூட்டியே சேகரமாகி, பின்னரே திரையில் விரிகிறதாகையால், ஊரார் யாவரும் ஏககாலத்தில் பார்க்க உட்காரும் இரவு வேளையில், குழாய்த் தண்ணீர் மெலிந்த நாளின் மேல்தொட்டிபோல அச்சேகரம் வறண்டு, வட்டம் சுழலத் தொடங்குகிறது. முழு எச்டிக்கு விநாடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் போதும். அதுவும் கிட்டாவிடில் தரத்தைக் குறைத்துப் பார்ப்பதில் அவமானமில்லை. வேகம் மிக்க 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடுமாதலால், ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுப்பதே உத்தமம்.

பிழை எண் வேறு வியாதி. காரணங்கள் பலவற்றுள் எவரும் சந்தேகியாதது கடிகாரம்: மின்தடைக்குப் பின் டிவியின் தேதி பிசகியிருந்தால், சேவையின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாக அதற்குத் தோன்றி, படம் மறுக்கப்படுகிறது. தேதியைத் திருத்தி, செயலியின் தற்காலிகச் சேமிப்பான கேஷைத் துடைத்து, செயலியைப் புதுப்பித்து, பிளக்கை இரண்டு நிமிஷம் பிடுங்கி வைத்து மாட்டி, தேதியை மறுபடி சரிபாருங்கள். (ரிமோட்டில் அணைப்பது பெரும்பாலும் வெறும் கண்ணயர்தலே.) அப்புறமும் அதே எண் வருமாயின், அதைக் குறித்துக்கொண்டு சேவை நிறுவனத்தாரைக் கேளுங்கள்.