அளவையை அளத்தல்

நுழையும்முன்

கடையில் பொருளை நிறுக்கும் எடைக்கல் சரியானதுதானா? அதன்மீது பொறிக்கப்பட்ட அரசு முத்திரையே அதற்குச் சான்று. பொருளை அளக்குமுன் அளக்கும் கருவியை அளந்தாக வேண்டும். மாபெரும் காற்றாலைகளைச் சோதிக்கும் ஆய்வகங்களிலும் இவ்வினாவே எழுகிறது.

இயக்கத் தொடர்

இறக்கைகளின் சுழற்சியை மின்னாற்றலாக மாற்றும் உறுப்புகளின் கோவை, இயக்கத் தொடர் எனப்படும். முதன்மைத் தண்டு, தாங்கிகள், பற்சக்கரப் பெட்டி, மின்னியற்றி ஆகியன அதில் அடங்கும். இறக்கைகள் மெதுவாகச் சுழல்வதால் தண்டின்மீது செயல்படும் திருப்பு விசை மிகப் பெரிதாகிறது. திறனைக் கோணத் திசைவேகத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். நிமிடத்திற்கு 12 முறை சுழன்று 5 மெகாவாட் திறனைக் கடத்தும் தண்டில் அது ஏறத்தாழ 40 இலட்சம் நியூட்டன் மீட்டர் ஆகும்.

ஆய்வகத்தில் காற்று

20 ஆண்டுகள் உழைக்கும் என வடிவமைக்கப்பட்ட பற்சக்கரப் பெட்டிகள் பல, அதற்கு முன்பே பழுதடைந்தன. காரணத்தை அறிய, அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2007இல் ஒரு கூட்டாய்வைத் தொடங்கியது. காற்று தண்டைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. வளைக்கவும் தள்ளவும் செய்கிறது. ஆதலால் சோதனைக்கூடங்களில் மின்னோடி தண்டைச் சுழற்ற, நீரியல் உருளைகள் அதனை வளைத்தும் தள்ளியும் சுமையேற்றுகின்றன. ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபன் நகரில் 10 மெகாவாட் திறனுடைய இத்தகைய கூடம் 2015இல் திறக்கப்பட்டது.

சிறு பிழை, பெரு விளைவு

இயக்கத் தொடருக்குள் செல்லும் திறன் 100 பங்கு, வெளிவருவது 95 பங்கு எனக் கொள்வோம். இழப்பு 5 பங்கு. திருப்பு விசையை அளப்பதில் 1 விழுக்காடு பிழை நேர்ந்தால், இழப்பு 4 பங்காகவோ 6 பங்காகவோ தோன்றும். முழுத்திறனில் 1 விழுக்காடாக இருந்த பிழை, இழப்பின் கணக்கில் 20 விழுக்காடாக வளர்ந்துவிடுகிறது. புதிய வடிவமைப்பு ஒன்று இழப்பை அரைப்பங்கு குறைத்திருந்தாலும், அந்நன்மை பிழைக்குள் மறைந்துபோகும்.

முத்திரை இடுவோர் யார்?

பிழையைக் குறைக்க, அளவிகளை நாட்டின் மூல அளவையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலுள்ள தேசிய அளவியல் நிறுவனத்தின் பொறி, 11 இலட்சம் நியூட்டன் மீட்டர் வரையே அளக்கவல்லதாக இருந்தது. ஆகவே, தாழ்ந்த சுமையில் சரியாகக் காட்டும் அளவி உயர்ந்த சுமையிலும் அவ்வாறே காட்டும் எனக் கணித்துக்கொள்ள நேர்ந்தது. இக்குறையைப் போக்கவே, 50 இலட்சம் நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் பொறியை உருவாக்க அந்நிறுவனம் முற்பட்டது.

நடுக்கடலில், வானளாவிய கோபுரத்தின் உச்சியில் பழுதான பெட்டியை மாற்றுவது அரிய செயல். அக்குறையை ஆய்வகத்திலேயே கண்டறிவது சோதனையின் நோக்கம். அந்நோக்கம் நிறைவேற, அளவி காட்டும் எண் நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

நிமிடத்திற்கு 15 முறை சுழன்று 2 மெகாவாட் திறனைக் கடத்தும் தண்டின் திருப்பு விசையைக் கணக்கிடுக. அதனை அளப்பதில் 1 விழுக்காடு பிழை நேர்ந்தால் விளைவது யாது என வகுப்பில் கலந்துரையாடுக.